டோரதியம்மாள் சுகமாயிருக்கிறாள்

சேசு மரி சூசை
ராயபுரம், சென்னை
1928 நவம்பர் 12

அன்புள்ள ஞானதுரை அண்ணனுக்கு,

தேவமாதா கிருபையால் நானும் அவரும் அம்முவும் கரை சேர்ந்துவிட்டோம். அண்ணியின் கால்வீக்கம் வடிந்ததா? புறப்படும் நாளில் அவர்களோடு சரியாக இரண்டு வார்த்தை பேசவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டர்பனில் பிறந்து டர்பனிலேயே வளர்ந்த எனக்கு மதராஸ் என்றால் அப்பா சொன்ன கதைதான். கப்பலைவிட்டு இறங்கினபோது கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன். எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் எனக்குப் பாதிதான் புரிகிறது. அடுத்த வீட்டுச் சிலுவையம்மாள் முதல் நாளே வந்து, "இன்னாம்மே, கப்பலேறிப் போனவங்கல்லாம் துட்டோட வருவாங்க, நீ பொட்டியோட வந்துகிறே?" என்று கேட்டாள். நல்ல மனுஷி. மீன் விற்கிறாள்.

ராயப்பர் கோவிலுக்குக் கிட்டத்தில் வீடு. வாசலில் நின்றால் கடற்காற்று. அவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அம்மு கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேரப் போகிறாள். வெள்ளைக்கார வாலிபர்களுக்கு வேலை வேண்டும் என்று ரயில்வே வேலையிலிருந்து அவரை நிறுத்தினபோது, "இங்கே சிறுமைப்படுவானேன், சர்க்காரே கப்பல் சீட்டும் உபகாரப் பணமும் கொடுத்து அனுப்புகிறது, தாய்நாட்டில் மானத்தோடு இருங்கள்" என்று நீங்கள்தான் தைரியம் சொன்னீர்கள். அண்ணன் வாக்கு பலித்தது என்று அவரும் சொல்கிறார்.

அம்முவுக்குக் கப்பலில் வந்த காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு அடிக்கிறது. சரியாகிவிடும். பழைய கம்பளி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், இங்கே குளிரே இல்லை.

உங்கள் தங்கை,
டோரதி

*

டர்பன்
1929 ஜனவரி 9

பாசமுள்ள தங்கை டோரதிக்கு,

இங்கே அனைவரும் நலம். அண்ணியின் கால் தேவலை. அம்முவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுதேன் என்றால் சிரிப்பாய். உங்களை அனுப்பின நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. நம் ஜனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புகிற எங்கள் ஆபீஸில், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மேலதிகாரி ஹார்ட்லி துரை பார்த்துவிட்டார். அவர் சென்னையில் பிறந்து ஆயா மடியில் தமிழ் கற்றவர் அல்லவா, வாங்கி முழுக்கப் படித்தார். "உன் தங்கச்சி நல்லா எழுதுது, ஞானம்" என்றார். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார்.

போன வாரம் அது எங்கள் ஆபீஸ் செலவிலேயே அச்சாகி வந்திருக்கிறது! காய்ச்சலையும் கம்பளியையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் 'டோரதியம்மாள் சுகமாயிருக்கிறாள்' என்று தலைப்பு. நானே கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் போய் வாசிக்கிறேன். பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இங்கே காற்று மாறிவிட்டது. வெள்ளையர் காப்புச் சங்கம் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் அதில் சேர்ந்துவிட்டார்கள். ஹார்ட்லி துரையின் கோட்டிலும் அதன் சின்னம் ஏறிவிட்டது. இந்த நாடு ஒரு வயலாம், நாம் அதில் களையாம், டவுன் ஹாலில் ஒருவன் பேசினானாம். அந்த வயலில் கரும்பு வெட்டியே நம் அப்பா முதுகு வளைந்தார். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். இப்படி வெறுக்கிறவர்கள் நடுவே கிடப்பதைவிட உன்னைப் போல் சொந்த மண்ணில் இருப்பது எவ்வளவோ மேல். அதனால்தான் முழு மனதோடு வாசிக்கிறேன்.

பிரியமுள்ள அண்ணன்,
ஞானதுரை

*

டர்பன்
1929 ஏப்ரல் 22

தங்கை டோரதிக்கு,

தபால் கப்பல்கள் வந்து போகின்றன, உன் எழுத்தைக் காணோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணி தினமும் கேட்கிறாள்.

ஆபீஸில் மாதா மாதம் இத்தனை பேரைக் கப்பலேற்ற வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. ஹார்ட்லி துரை இப்போது தமிழ் பேசுவதில்லை. காலையில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறவர், இப்போது நான் வணக்கம் சொன்னால் காகிதத்தைப் பார்க்கிறார். சங்கத்தில் யாரோ கேலி செய்தார்களாம். வருகிற ஜனங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் வெளியே போட்டுவிட்டார்கள். ஒருவேளை இந்தக் கெடுபிடியெல்லாம் கொஞ்ச நாளில் தணியலாம்.

கோவிலில் நமக்கு முன்வரிசையில் முழந்தாளிடுவாரே, மாட்டுவண்டி சவரிநாதன், அவர் வந்திருந்தார். "ஞானதுரை அண்ணே, கடுதாசியிலே இருக்கிறது நெசந்தானா? மூணு புள்ளைங்களை வச்சிருக்கேன்" என்றார். "என் தங்கச்சி பொய் எழுத மாட்டாள்" என்றேன். அவரும் மனைவி அடைக்கலமேரியும் கைநாட்டு வைத்துவிட்டார்கள். அவள் உன்னைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் இருக்கிறாள்.

உடனே இரண்டு வரி எழுது.

அண்ணன்,
ஞானதுரை

*

ராயபுரம்
1929 மே 30

அண்ணனுக்கு வணக்கம்.

எல்லாரும் இருக்கிறோம். வேலை மிகுதியால் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

ஒரு விண்ணப்பம். என் கடிதத்தை இனி வாசிக்க வேண்டாம். பெண்பிள்ளை பெயரை ஊரெல்லாம் சொல்வது எனக்குக் கூச்சமாயிருக்கிறது. அதோடு இங்கே வெயில் கடுமை. அங்கே பிறந்த குழந்தைகளின் உடம்பு தாங்குமோ என்னவோ. சவரிநாதன் அண்ணனைக் கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லுங்கள். அவசரமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

டோரதி

*

டர்பன்
1929 ஜூலை 14

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ எழுதினது கைக்கு வருமுன்னே சவரிநாதன் குடும்பம் கப்பலேறிவிட்டது. இத்தனை மாதம் கழித்து நாலு வரி எழுதினாய், அதிலும் கூச்சம், வெயில் என்று. வெயிலைப் பற்றி ஹார்ட்லி துரையிடம் சொன்னேன். "வெயிலுக்குப் பயந்தால் உன் அப்பன் இங்கே கரும்பு வெட்டியிருப்பானா?" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

உன் பெயரால் எத்தனை குடும்பம் நல்ல வழிக்குப் போகிறது என்று நினைத்துப் பார். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? மாப்பிள்ளை கஸ்பாருக்குச் சம்பளம் ஏறியதா? அம்மு என்ன படிக்கிறாள்? நீ எதுவுமே எழுதவில்லையே.

ஞானதுரை

*

ராயபுரம்
1929 அக்டோபர் 3

என் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

சவரிநாதன் அண்ணன் வந்த கப்பலுக்கு நான் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அடைக்கலமேரி கூட்டத்தில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அப்புறம் விலகி நின்று என் புடவையைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். இடுப்பில் செருகி வைத்திருந்த அந்த அச்சுக் காகிதத்தை எடுத்து விரித்து, "கடற்காத்து வர்ற வீடு எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். வேறென்ன செய்வேன்?

அண்ணா, வீடு இல்லை. காசிமேட்டில் வலை உலர்த்துகிற இடத்தில் ஓலைச் சாய்ப்பு. காற்று வருகிறது, நான்கு பக்கமும் வருகிறது. அவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று எழுதினேன். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் போவார், கூப்பிடாத நாளே அதிகம். டர்பனிலிருந்து வந்தவன் என்று தெரிந்தாலே 'நேட்டால்காரன் அதிகம் கேட்பான், சட்டம் பேசுவான்' என்று விரட்டுகிறார்கள். ஆற்காட்டுப் பக்கம் அவருடைய தகப்பனார் ஊருக்குப் போனோம். எந்தச் சாதியில் கலந்தீர்களோ என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கப்பலில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அம்முவுக்கு இடது காது கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

இறங்கின வாரத்தில் அவர் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்துதான் உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். நீங்கள் சொல்லி வந்தோம். நீங்கள் துக்கப்படக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் ஒருவருக்காக எழுதினது அது.

சவரிநாதன் அண்ணன் குடும்பமும் எங்கள் சாய்ப்பில்தான் இருக்கிறது. அடைக்கலமேரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சிலுவையம்மாள்தான் கேட்டாள்: "இன்னாம்மே நீ, வந்து மாட்டிகினது போதாதுன்னு அவங்களையும் இஸ்துகினு வந்துட்டியா?" அந்த வார்த்தைக்கு நான் பாத்திரமானவள்தான்.

சவரிநாதன் அண்ணனுக்குக் காய்ச்சல். விடவேயில்லை. இனி ஒருவரையும் அனுப்பாதீர்கள். இந்தக் கடிதத்தையும் வாசியுங்கள், அதை வாசித்த இடத்திலெல்லாம் வாசியுங்கள்.

டோரதி

*

டர்பன்
1930 மார்ச் 17

என் தங்கை டோரதிக்கு,

உங்கள் உடல்நலத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் நவம்பரிலேயே வந்துவிட்டது. ஏன் இத்தனை மாதம் எழுதவில்லை என்று சொல்கிறேன்.

வந்த மறுநாளே ஹார்ட்லி துரையிடம் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஏதோ நல்லது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்புறம் இங்கிலீஷில் பேசினார். "ஞானம், நானும் உன்னைப் போலத்தான் ஒவ்வொருவருக்கும் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் கண் திறந்தது. தனித்தனி முகத்தைப் பார்த்தால் ஒரு தேசத்தைக் காப்பாற்ற முடியாது. இந்த மண்ணில் எங்கள் பிள்ளைகள் இருக்க வேண்டுமானால் நீங்கள் போக வேண்டும். அன்பாய் அனுப்புகிறோம், அவ்வளவுதான்." கடிதத்தைக் கையில் கொடுத்து, "நாளைக்கு எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன் டோரதி. மறுநாள் போனேன். பழைய காகிதத்தையே வாசித்தேன். அதற்கு அடுத்த வாரமும் வாசித்தேன். வேலை போனால் எனக்கும் அதே கப்பல்தான் என்று பயம். இடையில் இரண்டு கப்பல் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது சவரிநாதனின் தாயார் என் கையைப் பிடித்து, "எம் மவன் மாளிகை வீட்டிலே இருக்கானாமே சாமி, நல்லா இருப்பே நீ" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன் அக்டோபர் கடிதத்தைக் கோவில் வாசற்படியில் நின்றே வாசித்தேன். சவரிநாதனுக்குக் காய்ச்சல் என்ற இடத்தில் அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிலர் நம்பினார்கள். "நல்ல இடத்தைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் அண்ணனும் தங்கையும்" என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். வணக்கம் என்ற சொல்கூட அவனுக்குத் தெரியாது.

இப்போது மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு காரியம் செய்யலாம். ஒரு வருடம் கழித்து, மூன்று வருடத்துக்குள், வாங்கின உபகாரப் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் கட்டினால் திரும்பி வர விடுகிறார்கள். அப்பா வாங்கின துண்டு நிலத்தை விற்றுவிட்டேன். வந்துவிடுங்கள். என் முகத்தை நீ பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

ஞானதுரை

*

ராயபுரம்
1930 ஜூன் 2

அண்ணாவுக்கு,

அண்ணி எப்படி இருக்கிறார்கள்? உங்களைப் பார்க்க மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? அந்த இரண்டு கப்பலுக்கும் நான் போயிருந்தேன். கேட்பவர்களிடமெல்லாம் டோரதி நான்தான் என்று சொன்னேன். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சவரிநாதன் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அன்று மழை. அவர் தாயாருக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதினதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணில் அப்படி ஓர் ஒளியை ரொம்ப நாளாய்ப் பார்க்கவில்லை. அம்முவுக்கும் மூட்டை கட்டி விளையாட்டு. இரண்டு நாள் நாங்கள் டர்பனிலேயே இருந்தோம் என்று வையுங்கள். மூன்றாம் நாள் காலையில் அடைக்கலமேரி தண்ணீர்க் குடத்தோடு நுழைந்து, "போய்ட்டு வாங்கக்கா, நான் எதுவும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றாள்.

அண்ணா, அந்தப் பணத்தில் அவளையும் பிள்ளைகளையும் வரவழையுங்கள். இங்கே அவளுக்குப் புருஷன் இல்லை, பேச்சும் புரியவில்லை. அங்கே மாமியார் இருக்கிறாள். என் எழுத்தை நம்பி வந்தவளை விட்டுவிட்டு நான் எப்படிக் கப்பலேறுவது? அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். இருட்டின பிறகு வந்து, "எழுது" என்றார். அம்முவிடம் இன்னும் சொல்லவில்லை.

டோரதி

*

டர்பன்
1930 டிசம்பர் 1

அன்புத் தங்கைக்கும் கஸ்பாருக்கும்,

அண்ணியும் நானும் உங்களை நினைக்காத நாள் இல்லை. அடைக்கலமேரி வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் சுகம். கிழவி கடைசிப் பேரனை மடியைவிட்டு இறக்குவதில்லை.

துறைமுகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். ஹார்ட்லி துரை மேஜை போட்டு ஒவ்வொருவராய் விசாரித்துக்கொண்டிருந்தார். அடைக்கலமேரி முறை வந்தபோது புது இளைஞன் திருதிருவென்று விழித்தான். துரை தமிழில் கேட்டிருக்கலாம். சுற்றிலும் சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏன் திரும்பி வந்தாய் என்று கேள்."

கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துச் சொன்னாள்: "நான் எங்கியும் போவலைங்கய்யா. உங்க பேச்சை நம்பி ஒரு எட்டு பாத்துட்டு வரப் போனேன். எம் புருசன் மட்டும் அங்கியே தங்கிட்டாரு."

துரையின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்றார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். முத்திரை குத்தினார். தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உன் மூன்று வருடத் தவணை முடிய இன்னும் காலம் இருக்கிறது. விற்க என்னிடம் வேறொன்றும் இல்லை என்பதை எழுதவே கை கூசுகிறது. பார்க்கிறேன்.

ஞானதுரை

*

ராயபுரம்
1931 நவம்பர் 20

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் அன்பு வணக்கம்.

எங்கள் தவணை போன வாரம் கழிந்தது. அவருக்கு எண்ணூர் உப்பளத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது, இது நிஜம். அம்முவுக்குச் சிலுவையம்மாள் மீன் ஆய்ந்து சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கிறாள்.

நான் இன்னும் கப்பல்களுக்குப் போகிறேன். வந்து இறங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன், எந்தத் தரகனை நம்பக் கூடாது என்று சொல்வேன். இப்போது என் கடிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புளியந்தோப்புக் குப்பம்மா என்று ஒருத்தி எழுதினதை அங்கே வாசிக்கிறார்களாம். மில்லில் வேலை, பால் மாடு, நல்ல வீடு என்று.

அவளைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு குடிசை வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். மாடு அவளுடையது இல்லை. நான் யாரென்று சொன்னதும் கையைக் கழுவாமலே எழுந்து நின்றாள். "எங்கப்பாருக்கு எழுதினதுக்கா அது. கடுதாசி எழுதுறவருகிட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். அவருக்கு நெஞ்சு நோவு. நாங்க இங்க இப்படி இருக்கிறது தெரிஞ்சா தாங்க மாட்டாரு" என்றாள். அச்சான விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது.

அவள் அப்பாவும் தம்பிகளும் தை மாதக் கப்பலுக்குக் கைநாட்டு வைத்திருக்கிறார்களாம். உண்மையை எழுதிவிடு என்றேன். அழுதாள். "சொன்னா அங்க உயிர் போயிடும். சொல்லாட்டி இங்க வந்து போவும். நீங்களே எதுனா எழுதுங்கக்கா" என்றாள். பென்சிலை எடுத்தேன். 'நாங்கள் சுகம்' என்கிற வரையில் கை தானாக எழுதிற்று. அதற்கப்புறம் ஓடவில்லை. கிழித்துவிட்டேன்.

அவள் அப்பா பெயர் கோதண்டம். சர்க்கரை ஆலை லைனில் கடைசி வீடாம். நீங்கள் போக வேண்டும் அண்ணா. எதையும் வாசித்துக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வாயால் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
டோரதி